ஆபத்தான அடிமுறைகள்: எந்த வழியில் கற்பது, எதை விட்டுவிடுவது?

தற்காப்புக் கலை கற்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி ஒரே கேள்விதான், சொற்கள்தான் மாறும். "போட்டிக்காக ஆடுகிற ஜூடோ, குத்துச்சண்டை எல்லாம் தெருவில் உதவாதாமே, கண், தொண்டை என்று நேராக அடிக்கச் சொல்லித் தருகிற இடத்துக்குப் போகட்டுமா?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவருக்கு நேர் எதிரான கவலை: "என் பையனுக்கு 14 வயசு, கழுத்தை நெரிக்கிற பிடியெல்லாம் சொல்லித் தருகிறார்கள், இது சரியா?" மூன்றாமவர் ஏற்கெனவே சில வருடம் பழகியவராக இருப்பார். தயங்கித் தயங்கிக் கேட்பார்: "ஒருவரைச் சாகடிக்கக்கூடிய ஒன்றைக் கற்று வைத்திருப்பதே தப்பா?"

மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 15 வருடமாகப் பயிற்சி மெத்தையில் விழுந்து எழுகிற ஆள், முதலில் ஜூடோ, பிறகு ஜியு-ஜிட்சு, நடுவில் இரண்டு வருடம் தெருத் தற்காப்பு வகுப்பு ஒன்று. பிடிக்கலைகள் பக்கம் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

## ஆபத்து எங்கே இருக்கிறது

"ஆபத்தான உத்தி" என்றதும் மனதில் வருவது ரகசியமான ஏதோ ஒன்று, ஒரு விரல் பட்டால் ஆள் காலி என்கிற மாதிரி. நடந்த சாவுகளைப் பார்த்தால் கதை வேறு. ஜப்பானில் பள்ளிகளில் நடந்த ஜூடோவில், 1983 தொடங்கி மூன்று பத்தாண்டுகளுக்குள் நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தலைக்காயம், மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு. அதில் அடிக்கடி பெயர் அடிபட்ட உத்தி ஓசோட்டோ காரி. எதிராளியின் காலைத் தன் காலால் வாரி மல்லாக்கச் சாய்க்கிற எறிமுறை அது. எந்த ரகசியமும் இல்லை, தொடக்கத்திலேயே சொல்லித் தருவார்கள். சரியாக விழக் கற்காத முதலாண்டுப் பிள்ளையை நல்ல பலம் உள்ள சீனியர் ஒருவர் அதில் எறிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்தக் கணக்கில் இருக்கிறது. பிரச்சினை வெளியே பேசப்பட்டு, பாதுகாப்பு விதிகள் இறுகிய பிறகு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. எறிமுறை அதேதான், சொல்லித் தரும் விதம் மாறியது.

குத்தும் அப்படித்தான். தெருச் சண்டையில் ஒரே குத்தில் ஒருவர் இறந்தார் என்று படிக்கிறோமே, பல நேரம் அவரைக் கொன்றது தரை. நிலைதடுமாறி விழுந்து பின்மண்டை மோதியிருக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. குடிபோதையில் இப்படி அடித்து ஒருவரைச் சாகடித்தால் குறைந்தபட்சம் 8 ஆண்டு சிறை. அடித்தவருக்குக் கராத்தே தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"மரண அடி" என்று ஒன்று மருத்துவத்திலும் உண்டு, ஆனால் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். இதயத் துடிப்பின் சுழற்சியில் சுமார் 20 மில்லி விநாடி நீளமுள்ள ஒரு இடைவெளி இருக்கிறது. நெஞ்சில் விழும் அடி சரியாக அந்த நேரத்தில் விழுந்துவிட்டால் துடிப்பு குலைந்து ஆள் சரிந்துவிடலாம். பந்து பட்டுச் சிறுவர்களுக்கு நேர்ந்திருக்கிறது. குறிபார்த்து யாரும் செய்ய முடியாது, செய்யாமல் இருக்கவும் முழு உத்தரவாதம் இல்லை.

ஆக, "ஆபத்தான உத்தியைக் கற்கலாமா" என்ற கேள்வி எழும்போதே கொஞ்சம் காலம் கடந்திருக்கும். எந்த வகுப்பில் சேர்ந்தாலும் முதல் மாதத்திலேயே ஒன்றைக் கற்றிருப்பீர்கள். அதை நிறுத்தத் தெரியுமா, நிறுத்துகிற பிரேக் யார் காலடியில் இருக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

## எதை வைத்து அளக்கிறேன்

முதல் அளவுகோல் அந்த பிரேக்தான். சில உத்திகளுக்குப் படிகள் உண்டு. முழங்கைப் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: பிடித்து வைக்கலாம், வலிக்கும்வரை போகலாம், உடையும்வரை போகலாம். மூன்றில் எந்தப் படியில் நிற்பது என்று தீர்மானிக்க இடம் இருக்கிறது. கண்ணில் விரலை விடுவதற்கு அப்படிப் படிகள் இல்லை. செய்தால் செய்ததுதான்.

இரண்டாவது, முழு எதிர்ப்போடு பழக முடிகிறதா. எதிரே இருப்பவர் தன்னால் ஆனமட்டும் தடுக்கும்போது செய்து பார்க்காத உத்தி உங்களுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது, தெரியும் என்ற நம்பிக்கை மட்டும் இருக்கும். அது ரொம்பவே ஆபத்து, உங்களுக்கும் எதிராளிக்கும்.

மூன்றாவது பயிற்சிக் கூட்டாளி. இதை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் வாழ்நாளில் தெருவில் ஒருவரை அடிக்கப்போவது அநேகமாக ஒருமுறைகூட இருக்காது. வகுப்பில் ஒருவரின் கழுத்தையும் கையையும் ஆயிரக்கணக்கான முறை பிடிப்பீர்கள். அறம் பொறுப்பு என்று பேசினால் அதில் முக்கால்வாசி அந்தக் கூட்டாளியின் உடம்போடு சம்பந்தப்பட்டது.

நான்காவது, நடந்து முடிந்த பிறகு பதில் சொல்ல முடியுமா. நாட்டுக்கு நாடு சட்டத்தின் சொற்கள் மாறினாலும் அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான்: தேவைப்பட்ட அளவு, வந்த ஆபத்துக்கு ஏற்ற அளவு, ஆபத்து நீங்கியதும் உங்கள் உரிமையும் முடிந்தது. கராத்தேக்காரர் கையைக் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் கட்டுக்கதை (குவாம் தீவின் சட்டத்தில் மட்டும் உண்மையிலேயே அப்படி ஒரு பிரிவு எழுதி வைத்திருக்கிறார்கள், சிரிக்காதீர்கள்). ஆனால் விசாரணை என்று வந்தால் "இவர் பயிற்சி பெற்றவர், என்ன ஆகும் என்று தெரிந்தேதானே செய்தார்" என்ற கேள்வி எழாமல் இருக்காது.

ஐந்தாவது, அந்தப் பயிற்சி உங்களை எப்படிப்பட்ட ஆளாக்குகிறது. "தற்காப்புக் கலை கற்றால் அடக்கம் வரும்" என்று எல்லா வகுப்புச் சுவரிலும் எழுதி வைத்திருப்பார்கள். தானாகவெல்லாம் வராது. மைக்கேல் ட்ருல்சன் 1986இல் வெளியிட்ட ஆய்வில், குற்றச் செயல்களில் சிக்கிய 34 இளைஞர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். தியானம், மரியாதை முறைகளோடு மரபு டேக்வாண்டோ கற்ற குழுவில் மூர்க்கம் குறைந்தது. அதெல்லாம் இல்லாமல் சண்டையை மட்டும் கற்ற குழுவில் கூடியது. சின்ன ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனால் 2005இல் நார்வேயில் எண்ட்ரெசன், ஒல்வேயஸ் இருவரும் வெளியிட்ட ஆய்விலும் குத்துச்சண்டை, மல்யுத்தம், கிழக்கத்தியச் சண்டைக் கலைகள், பளுதூக்கல் ஆகியவற்றில் ஈடுபட்ட பையன்களிடம் சமூக விரோத நடத்தை கூடியதாகத்தான் வந்தது. கலையின் பெயரைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

## போட்டி வழி: குத்துச்சண்டை, டேக்வாண்டோ, ஜூடோ

இந்த வழியின் மூளை ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ. 1882இல் கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது, பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜுஜுட்சுவின் மோசமான அடிகளை அவர் தூக்கி எறியவில்லை, கட்டா என்ற ஒத்திகை வடிவத்துக்குள் ஒதுக்கி வைத்தார். எஞ்சியவற்றை இருவரும் முழு பலத்தோடு மோதிப் பழகலாம் என்றார். இதிலிருந்து பிறந்த வேடிக்கை என்னவென்றால், ஆபத்தை எடுத்துவிட்ட கலைதான் உண்மையில் வேலை செய்தது. தினமும் முழு வேகத்தில் எறிந்து பழகியவர், மாதம் ஒருமுறை காற்றில் கண்ணைக் குத்திப் பழகியவரைவிடக் கைதேர்ந்தவராவது இயல்புதானே.

விதிகள் எதையும் சும்மா தடை செய்வதில்லை, ஒவ்வொரு தடைக்கும் பின்னால் ஒரு எலும்பு இருக்கிறது. 1980இல் ஜப்பானியப் போட்டி ஒன்றில் ஜூடோ வீரர் யசுஹிரோ யமாஷிடாவின் கால் எலும்பு கானி பசாமி என்ற கத்தரிக்கோல் உத்தியில் முறிந்தது. பிற்பாடு அந்த உத்தி ஜூடோ போட்டிகளில் தடை செய்யப்பட்டது. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது: விதியே இல்லாத சண்டை என்று விளம்பரம் செய்து 1993இல் டென்வரில் நடத்திய முதல் யூஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியிலும் கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது என்று விதி இருந்தது. அவ்வளவு துணிந்தவர்களுக்கும் கண் என்றால் கை நடுங்கியிருக்கிறது.

இந்த வழியின் மறைந்த விலை இரண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, தலையில் சேர்ந்துகொண்டே போகும் அடிகள். குத்துச்சண்டையில் நாக் அவுட்டைவிட, வாராவாரம் ஸ்பாரிங் என்ற பயிற்சி மோதலில் வாங்குகிற நடுத்தர அடிகளைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படாதது: இங்கே பிரேக் நடுவரிடம் இருக்கிறது. "நிறுத்து என்று சொல்லும்வரை அடி" என்பதுதான் பழக்கம். 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் 14ஆவது சுற்றில் வீழ்ந்தார், சில நாளில் இறந்துபோனார். மான்சினி எந்த விதியையும் மீறவில்லை. நடுவர் நிறுத்தும்வரை ஆடினார், அதுதான் ஆட்டம். பல ஆண்டுகள் அந்தப் பாரத்தைச் சுமந்ததும் அவர்தான். அதன் பிறகு உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் 15 சுற்றுகளை 12 ஆகக் குறைத்தது. தெருவில் நடுவர் இல்லை. ஐந்து வருடம் நடுவரை நம்பிப் பழகிய கை, கீழே விழுந்தவர்மேல் இன்னொரு குத்து விடுமா விடாதா? நிறுத்த யாரும் சொல்லித் தரவில்லை என்றால் விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு நல்லது: பிள்ளைகளுக்கு, உடம்பு பயிற்சி கேட்பவர்களுக்கு, அப்புறம் தன்னைப் பற்றிப் பெரிதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு. வாரம் மூன்று முறை தோற்பதைவிட நல்ல மருந்து அதற்கு இல்லை.

## பிடி வழி: நெரிப்பும் பூட்டும்

ஜியு-ஜிட்சு, சில வகை மல்யுத்தம், ஜூடோவின் தரைப் பகுதி எல்லாம் இதில் சேரும். இங்கே கற்பது வெளிப்படையாகவே ஆபத்தானது. கழுத்தின் இருபக்க ரத்தக் குழாய்களும் அழுத்தப்பட்டால் சுமார் பத்து நொடியில் நினைவு போய்விடும், விடாமல் பிடித்திருந்தால் மூளை சேதம், அப்புறம் சாவு. இதைத்தான் பள்ளிக்குப் போகிற பிள்ளையும், ஐம்பது வயதுக் கணக்காளரும் சிரித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் செய்கிறார்கள். போட்டி ஜூடோவில் நூறு வருடத்துக்கும் மேலாக நெரிப்பு புழக்கத்தில் இருக்கிறது, அதனால் நேர்ந்த சாவு மிக அரிது.

எப்படி? ஒரே ஒரு ஏற்பாட்டால்: தட்டினால் விட வேண்டும். பிரேக் இங்கே பிடிப்பவரின் காதிலும் தோலிலும் இருக்கிறது. எதிராளி இரண்டு தட்டு தட்டியதும் யோசிக்காமல் கை தளர வேண்டும், அதையும் ஆயிரம் முறை பழகுகிறோம்.

அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டால் அதே பிடி என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1976இல் லாஸ் ஏஞ்சலஸில் கார் விளக்கு எரியவில்லை என்று நிறுத்தப்பட்ட அடால்ஃப் லயன்ஸ் என்பவரைப் போலீஸ்காரர் ஒருவர் கழுத்துப் பிடியில் மயங்க வைத்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1983 தீர்ப்பில் மாறுபட்டு எழுதிய நீதிபதி மார்ஷல், 1975க்குப் பிறகு அந்த நகரப் போலீஸின் கழுத்துப் பிடிகளைத் தொடர்ந்து குறைந்தது 16 பேர் இறந்திருப்பதைப் பதிவு செய்தார். மெத்தையில் நடப்பதும் அங்கே நடந்ததும் ஒரே உடற்கூறு. மூச்சு முட்டித் துடிக்கிறவரின் துடிப்பை ஒரு இடத்தில் "விடு" என்று புரிந்துகொள்கிறோம், இன்னொரு இடத்தில் "திமிறுகிறான்" என்று புரிந்துகொண்டு இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. இரண்டாம் வருடம். மாஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற கிளர்ச்சியில் புதிதாகச் சேர்ந்த ஒரு அண்ணனுக்கு முழங்கைப் பூட்டு போட்டேன். சுத்தமாகப் போட்டேன், வேகமாகவும் போட்டேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. அவர் வலியில் முகம் வெளுத்துப்போய், "நான்தான் தட்ட லேட் பண்ணிட்டேன்பா" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். பெருந்தன்மை. அவர் ஒன்றும் லேட் செய்யவில்லை, தட்டுவதற்கு நான் நேரமே தரவில்லை. மூன்று மாதம் அவரால் அந்தக் கையில் வாளி தூக்க முடியவில்லை, வகுப்புக்கும் திரும்பி வரவில்லை. பூட்டைப் போடுவதை நான் நூற்றுக்கணக்கான முறை பழகியிருந்தேன். கடைசி இரண்டு அங்குலத்தை மெதுவாகப் போவதை ஒருமுறைகூடப் பழகவில்லை.

மறைந்த விலை இதுதான், உங்கள் வேகத்துக்கான பணத்தை வேறொருவரின் மூட்டு கட்டுகிறது. சில பூட்டுகளில் எச்சரிக்கையும் கிடையாது. ஹீல் ஹுக் என்ற குதிகால் திருகலில் வலி தெரிவதற்குள் முழங்கால் தசைநார் போய்விடலாம். அதனால்தான் சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சுக் கூட்டமைப்பு 2021இல் அதை அனுமதித்தபோதும் அங்கி இல்லாத போட்டியில், வயது வந்த பிரவுன் பெல்ட், பிளாக் பெல்ட்காரர்களுக்கு மட்டும் என்று வைத்தது.

அந்த 14 வயதுப் பையனின் அப்பாவுக்கு என் பதில் இங்கே வருகிறது. ஜூடோ போட்டிகளில் சின்னப் பிள்ளைகளுக்கு நெரிப்பு கிடையாது, எந்த வயதிலிருந்து என்பது நாட்டுக்கு நாடு மாறும். 14இல் கற்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் தட்டியும் விடாத பையனை அந்த மாஸ்டர் அன்றைக்கே உட்கார வைக்கிறாரா என்று பாருங்கள். "சரி சரி, விளையாட்டுக்குத்தானே" என்று சிரித்தால் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

## தெருத் தற்காப்பு வழி

கண், தொண்டை, கவட்டை, கத்தி. பெரும்பாலான விளம்பரங்களில் "இது விளையாட்டல்ல" என்று போட்டிருக்கும். இந்த வழியின் வேர்கள் நிஜமானவை. இமி லிச்டென்ஃபெல்ட் 1930களில் பிராட்டிஸ்லாவாவின் தெருக்களில் யூதர்களைத் தாக்க வந்த கும்பல்களோடு மோதிய அனுபவத்திலிருந்துதான் பிற்பாடு கிராவ் மகா என்ற இஸ்ரேலியத் தற்காப்பு முறை உருவானது. வில்லியம் ஃபேர்பேர்ன் ஷாங்காய் காவல்துறையில் கற்றதை இரண்டாம் உலகப் போரில் கமாண்டோக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். போருக்கும் காவலுக்கும் செய்த கருவி. அங்கே "நிறுத்து" என்று சொல்ல மேலதிகாரி, விதிமுறை, விசாரணை என்று ஒரு அமைப்பு (ஒழுங்காக இருந்தாலும் இல்லாவிட்டாலும்) மேலே இருக்கிறது. அதே கருவியைச் சனிக்கிழமை மாலை வகுப்பில் யாருக்கும் கொடுக்கும்போது மேலே யாரும் இல்லை.

நான் போன வகுப்பில் ஒரு ட்ரில் இருந்தது. பிடித்தவரை விடுவித்து, முழங்காலால் இடித்து, கீழே தள்ளி, அப்புறம் விழுந்தவர்மேல் மூன்று மிதி. பஞ்சு உடை போட்டவர்மேல் இரண்டு வருடம் மிதித்தேன். ஒருநாள் யோசித்தேன்: கீழே விழுந்தவுடன் ஆபத்து முடிந்துவிட்டது, அந்த மூன்று மிதி எதற்கு? மாஸ்டரிடம் கேட்டதற்கு "எழுந்து வந்தா?" என்றார். ஓடிப்போகலாமே என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. தேவைப்பட்ட அளவு எங்கே முடிகிறது என்று நீதிமன்றத்தில் கோடு போடுவார்களே, சரியாக அந்தக் கோட்டுக்கு அப்புறம் என்ன செய்வது என்றுதான் என் கால் இரண்டு வருடம் கற்றிருக்கிறது.

இரண்டாவது குறை, கண்ணைக் குத்துவதை யார்மேலும் முழுசாகப் பழக முடியாது. ரப்பர் பொம்மையில் பழகி, தெரியும் என்று நம்பி வீட்டுக்குப் போகிறோம். அந்த நம்பிக்கையை நம்பிச் சண்டையை விட்டு விலகாமல் நிற்பவர்கள் உண்டு.

இவ்வளவு திட்டிவிட்டு, என் சாய்வுக்கு எதிரான ஆதாரத்தையும் வைத்துவிடுகிறேன். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டுப் பெண்களுக்கு 12 மணி நேரப் பயிற்சி ஒன்றைக் கொடுத்துச் சோதித்தார்கள், சார்லீன் சென் குழுவின் ஆய்வு, 2015இல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் வன்புணர்வுக்கு ஆளானோர் விகிதம் கட்டுப்பாட்டுக் குழுவில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்ற குழுவில் 5.2 சதவீதம். ஏறக்குறைய பாதி. வெறும் 12 மணி நேரத்தில் வேறு எந்த வழியும் இதைத் தராது, ஜியு-ஜிட்சுவில் அந்த நேரத்துக்குள் ஒழுங்காக உருளக்கூட வராது. ஆனால் அந்தப் பயிற்சியில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்: தெரிந்தவர்களிடமிருந்தே வரும் ஆபத்தை முன்கூட்டி இனம் காண்பது, தயங்காமல் மறுத்துச் சொல்வது, பிறகுதான் உடலால் எதிர்ப்பது. உத்தி கடைசி அத்தியாயம்தான்.

உடனடியான, பெயர் சொல்லக்கூடிய ஆபத்து இருப்பவர்களுக்கும், பலத்தில் ரொம்பவே பின்தங்கியவர்களுக்கும் இந்த வழி நல்லது. எந்த ட்ரில்லும் ஓடுவதில் முடிகிற வகுப்பாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஆசான் வழி

வர்மக் கலையில் 108 புள்ளிகள் என்பார்கள், 12 படுவர்மம் (உயிருக்கே ஆபத்தானவை), 96 தொடுவர்மம் (அவ்வளவு கடுமையில்லாதவை). நல்ல ஆசானிடம் போனால் அடிக்கிற இடத்தோடு அடங்கலும் இளக்குமுறையும், அதாவது பாதிக்கப்பட்டவரை மீட்கிற வழியும் சேர்ந்தே வரும், வைத்தியமும் வரும். வருடக்கணக்கில் ஆளைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பார்கள். பழைய ஜப்பானிய, சீன மரபுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். இங்கே பிரேக் வாசலிலேயே இருக்கிறது: யாருக்குச் சொல்லித் தருவது என்பதை ஆசான் தீர்மானிக்கிறார். ஹீல் ஹுக்கைப் பிரவுன் பெல்ட்வரை தள்ளி வைத்த விதிப்புத்தகமும் இதைத்தான் செய்கிறது, பெயர்தான் வேறு.

காயப்படுத்தத் தெரிந்தவருக்கு ஆற்றவும் தெரிய வேண்டும் என்ற அந்த ஒரு எண்ணத்துக்காகவே இந்த வழிமேல் எனக்குப் பெரிய மரியாதை. மற்ற மூன்று வழியிலும் அதற்கு அவ்வளவு இடம் கிடையாது. கழுத்தை நெரிக்கக் கற்ற எத்தனை பேருக்கு மயங்கியவரை எப்படிக் கிடத்துவது, மூச்சு வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியும்? எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், இருபது பேரில் மூன்று பேர் கை தூக்கினார்கள்.

விலை என்னவென்றால், ரகசியம் நல்லவரையும் காக்கும், போலியையும் காக்கும். சோதிக்கவே கூடாது என்று சொல்லப்படுவது உண்மையா என்று எப்படித் தெரியும்? 2006இல் ஜப்பானில் தொடாமலேயே ஆளை வீழ்த்துவதாகச் சொன்ன ஆசான் ஒருவர், தன் சீடர் அல்லாத ஒரு சண்டை வீரரைப் பொது மேடையில் எதிர்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மூக்கில் ரத்தத்தோடு தரையில் இருந்தார். இத்தனை வருடம் அவர் கை அசைந்ததும் சீடர்கள் விழுந்துகொண்டிருந்தார்கள், அவரும் நம்பியிருப்பார் பாவம். அதோடு ஆசானுக்கு அடங்கி நடப்பதே ஒழுக்கம் என்று ஆகிவிட்ட இடத்தில், அந்த ஆசானைக் கேள்வி கேட்க ஆளே இல்லாமல் போவதும் உண்டு.

அவசரமில்லாதவர்களுக்கும், வைத்தியத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் ஏற்றது. மூன்று மாதத்தில் படுவர்மம் சொல்லித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். உண்மையாகவே தெரிந்தவர் மூன்று மாதத்தில் சொல்ல மாட்டார், சொல்கிறவருக்குத் தெரியாது.

## வீடியோ பார்த்துக் கற்பது

வேண்டாம். பிரேக்கே இல்லை. நெரிப்பை வீடியோவில் பார்த்துத் தம்பிமேல் போட்டுப் பார்க்கிறவருக்கு, தம்பி தட்டாமல் மயங்கினால் அது மயக்கமா நடிப்பா என்றுகூடத் தெரியாது. ஏற்கெனவே வகுப்பில் இருப்பவர் நுணுக்கம் பார்க்க வீடியோ நல்லது, அவ்வளவுதான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | பிரேக் யாரிடம் | முழு எதிர்ப்போடு பழகலாமா | மறைந்த விலை |
|---|---|---|---|
| போட்டி | நடுவரிடம் | ஆம் | தலையடி. தானாக நிறுத்தும் பழக்கம் வராது |
| பிடி | பிடிப்பவரிடம் | ஆம், கடைசி அங்குலம் தவிர | கூட்டாளியின் மூட்டு |
| தெருத் தற்காப்பு | பெரும்பாலும் யாரிடமும் இல்லை | பாதிதான் | பொய் நம்பிக்கை, வழக்கு |
| ஆசான் | ஆசானிடம், வாசலில் | அரிது | சோதிக்க முடியாத ரகசியம், வருடங்கள் |
| வீடியோ | இல்லை | இல்லை | தம்பி |

கற்று வைத்திருப்பதே தப்பா என்று கேட்ட அந்த மூன்றாமவருக்கு அட்டவணை உதவாது. அவரிடம் நான் சொன்னது இது: முழுசாகக் கற்றவரைப் பற்றி எனக்குக் கவலை குறைவு, ஆறு மாதத்தில் பாதியோடு நிறுத்தியவரைப் பற்றித்தான் கவலை. போடத் தெரியும், விடத் தெரியாது என்ற நிலையில் அவர் வெளியே போகிறார், அந்தக் கை அப்படியே இருபது வருடம் இருக்கும். ஆகவே தொடங்கினால் விடக் கற்கும்வரை இருங்கள், இருக்க முடியாது என்று தெரிந்தால் நெரிப்பும் பூட்டும் இல்லாத வழியைத் தேர்ந்தெடுங்கள். அவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார், இப்போது புதியவர்களோடு மட்டும்தான் உருளுகிறார் (தரையில் பயிற்சிச் சண்டை போடுகிறார்), மெதுவாக.

நான் ஒருவருக்கு ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் பிடி வழியைச் சொல்வேன், கூடவே முதலுதவி வகுப்பு ஒன்றையும். ஏதாவது ஆபத்து தலைக்குமேல் நிற்கிறது என்றால் மட்டும் ஓடச் சொல்லித் தரும் தற்காப்பு வகுப்பு, அது முடிந்தபிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

எதில் சேர்வதானாலும் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் செய்து காட்டுவதைப் பார்க்க வேண்டாம், எல்லோரும் நன்றாகத்தான் செய்து காட்டுவார்கள். யாராவது தட்டும்போது எதிரே இருப்பவரின் கை எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது, ட்ரில் எந்த அசைவில் முடிகிறது, புதிதாக வந்த பலவீனமான ஆளோடு சீனியர் எப்படி உருளுகிறார் என்று மட்டும் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.